புல் வெட்டும் படலம்!

அமெரிக்காக்காரர்கள் வீட்டு வாசலில், கொல்லையில், பார்க்கில், கோல்ஃப் மைதானத்தில் வளர்த்து வைத்திருக்கும் புல்லையெல்லாம் பாய் மாதிரி சுருட்டிக்கொண்டு வந்து இங்கே விரித்தால், தமிழ்நாடு முழுக்க மூடிவிடும். மூடினது போக மிச்சம் கன்னியாகுமரிக்கு அந்தப் பக்கம் கடலில் தொங்கும்! நானாகச் சொல்லவில்லை. சாட்டிலைட் தகவல்களை வைத்து 2005-ல் வெளியான ஒரு ஆராய்ச்சிக் கணக்கு: 1,63,800 சதுர கிலோமீட்டர் புல்தரை. நம் தமிழ்நாடு 1,30,000 சொச்சம்தான். அந்த நாட்டில் தண்ணீர் பாய்ச்சி வளர்க்கும் எந்தப் பயிரை விடவும் இந்தப் புல்லுக்குத்தான் பரப்பு அதிகமாம். இத்தனையிலும் ஒரு மாடுகூட மேய்வதில்லை என்பதுதான் விசேஷம்.

அந்தப் புல்லில் ஒரு ஏக்கர் என் பெரியம்மா மகனுக்குச் சொந்தம். கான்ஸாஸ் மாநிலத்தில் விச்சிட்டா என்ற ஊருக்கு வெளியே வீடு. அண்ணன் விமான உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் எஞ்சினீயர். விச்சிட்டாவில் தடுக்கி விழுந்தால் விமானத் தொழிற்சாலை. செஸ்னா, பீச்கிராஃப்ட் எல்லாம் இந்த ஊர்ச் சரக்குதான். 'உலகத்தின் விமானத் தலைநகரம்' என்று தங்களுக்குத் தாங்களே பட்டமும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

போன மே மாசம் அங்கே பதினைந்து நாள் இருந்தேன். "நயாகரா பார்த்தியா? லிபர்ட்டி சிலை பார்த்தியா?" என்று ஆபீஸ் நண்பர்கள் கேட்கிறார்கள். பார்க்கவில்லை சார். கான்ஸாஸ் பார்த்தேன். தோசைக்கல் மாதிரி தட்டையான பூமி, அதன் மேல் கவிழ்த்த அண்டா மாதிரி ஆகாயம். ஊர் நடுவே ஆர்க்கன்ஸா ஆறு ஓடுகிறது. 'ஆர்க்கன்ஸா' என்று சொல்லிப் பாருங்கள், உள்ளூர்க்காரர் முகம் சுருங்கும். அது வேறு மாநிலத்து உச்சரிப்பு. இங்கே 'ஆர்-கான்ஸஸ்'! பெரிய ஆறும் சின்ன ஆறும் கூடுகிற இடத்தில் 44 அடி உயரத்துக்கு ஒரு செவ்விந்தியரின் இரும்புச் சிலை, 1974-ல் வைத்தது. இரண்டு கையையும் ஆகாயத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கிறார். திங்கள்கிழமை மத்தியானம் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு ஊர் முழுக்க சைரன் அலறும். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டோடு எழுந்து நின்றுவிட்டேன். அண்ணி, "உக்காருங்க தம்பி, சூறாவளி சைரன் வேலை செய்யுதான்னு டெஸ்ட் பண்றாங்க. நிஜமா வந்தா வேற நேரத்துல அடிக்கும்" என்று சாவகாசமாக ரசம் ஊற்றினார்.

சைரனை விட எனக்குப் பழக நாளானது சனிக்கிழமைக் காலை. எட்டு மணிக்கு ஏதாவது ஒரு வீட்டில் 'டர்ர்ர்' என்று ஆரம்பிக்கும். ஒரு நாய் குரைத்தால் தெரு நாயெல்லாம் சேர்ந்துகொள்ளுமே, அது மாதிரி பத்தே நிமிஷத்தில் வட்டாரமே டர்ர்ர்! பிளம்பர், டாக்டர், வக்கீல் வித்தியாசம் இல்லை. அத்தனை பேரும் அரை டிராயரோடு புல் வெட்டுகிறார்கள். ஏப்ரலில் ஆரம்பித்து அக்டோபர் வரை, மழையைப் பொறுத்து ஏறக்குறைய 28 தடவை. வெட்டாமல் விட்டால் அக்கம்பக்கத்தார் முதலில் 'உடம்பு சரியில்லையா?' என்று விசாரிப்பார்கள். அப்புறம் விசாரிக்க மாட்டார்கள்.

ஒரு ஏக்கர் என்பது சென்னைக் கணக்கில் பதினெட்டு கிரவுண்டு. வீடியோ காலில் அதைப் பார்த்த பெரியம்மா, "இவ்வளவு புல்லு வீணாப் போகுதே, ஒரு பசுமாடு வாங்கிக் கட்டக் கூடாதாடா?" என்று கேட்டதில் நியாயம் இருக்கிறது. மூன்று வருஷம் முன்பு வரை அண்ணன் தானே தள்ளு மெஷினால் வெட்டினார். ஒரு தடவைக்கு இரண்டு மணி நேரம். இடுப்பில் டிஸ்க் நகர்ந்து, டாக்டர் 'தள்ளாதே' என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து ஒரு ஆள் வந்து வெட்டிக் கொடுத்துவிட்டு, தடவைக்கு 60 டாலர் வாங்கிக்கொண்டு போகிறார்.

"பக்கத்து வீட்டுக்காரர் ஜீரோ டர்ன் வச்சிருக்கார்டா. ராஜா மாதிரி உக்காந்து முக்கால் மணி நேரத்துல முடிச்சிடறார். இப்ப மூவாயிரத்துச் சொச்சத்துலயே அந்த மாதிரி வருது. நீ பி.காம்.தானே? வாங்கலாமா வேண்டாமான்னு கணக்குப் போட்டுச் சொல்லிட்டு ஊருக்குப் போ" என்றார் அண்ணன்.

ஆக, டூரிஸ்டாகப் போன நான் ஆடிட்டர் ஆனேன்.

ஜீரோ டர்ன் என்றால் என்ன? மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம். வண்டியை நின்ற இடத்தில் இடது பக்கம் திருப்ப வேண்டுமானால் இடது மாட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு வலது மாட்டைத் தட்டுகிறோம் இல்லையா? அதேதான்! இந்த மெஷினில் ஸ்டியரிங் கிடையாது. மடிக்கு மேலே இரண்டு கைப்பிடிகள். இடது கைப்பிடி இடது பின் சக்கரத்துக்கு, வலது வலதுக்கு. இரண்டையும் முன்னே தள்ளினால் நேரே போகும். ஒன்றை முன்னே, ஒன்றைப் பின்னே தள்ளினால் பம்பரம் மாதிரி நின்ற இடத்திலேயே சுற்றும். முன் சக்கரம் இரண்டும் ஆபீஸ் நாற்காலிச் சக்கரம் மாதிரி சும்மா இழுத்த இழுப்புக்கு வரும். சுமாரான டிராக்டர் மாதிரி மெஷின் என்றால் மரத்தைச் சுற்ற நாலு தடவை முன்னும் பின்னும் போக வேண்டும். இது மரத்தை ஒட்டி ஒரே சுற்றில் வழித்து எடுத்துவிடும்.

பக்கத்து வீட்டுக்காரர் எழுபது வயசைத் தாண்டியவர். ரிட்டயர்டு விமான மெக்கானிக். அவருடைய மெஷின் புல் வெட்டுவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் வாங்கும் ரகம், பத்தாயிரம் டாலர் பக்கம். அண்ணனை உட்கார வைத்துப் பழக்கினார். எஞ்சினீயர் அண்ணன் கைப்பிடியைத் தொட்டதும் மெஷின் குடித்தவன் சைக்கிள் மாதிரி எட்டுப் போட்டுக்கொண்டு போய் ஒரு ரோஜாச் செடியை முகர்ந்துவிட்டு நின்றது. "பதினஞ்சு நிமிஷம் ஆகும், கை தானாகப் பழகும்" என்றார் கிழவர். பழகியும் விட்டது. அண்ணன் முகத்தில் அன்றைக்குத் தெரிந்த சந்தோஷம், முதல் முதலாக புல்லட் வாங்கினவன் முகத்தில் பார்க்கிற சந்தோஷம். அந்த மாதிரி முகத்தோடு இருக்கும் ஆளைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது.

போனோம்.

கடை வாசலில் வரிசையாக நிற்கின்றன. பச்சை, மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு. ஜான் டீர் பச்சை, கப் கேடட் மஞ்சள், டோரோ சிவப்பு, ஹஸ்க்வர்னா ஆரஞ்சு என்று கலரை வைத்தே கம்பெனி சொல்லலாம், நம் ஊரில் கொடியை வைத்துக் கட்சி சொல்கிற மாதிரி. எல்லாவற்றிலும் உயரமான முதுகு வைத்த சீட், காபி டம்ளர் வைக்கக் குழி. 42 அங்குல அகலம் வெட்டும் பட்ஜெட் ரகம் மூவாயிரத்திலிருந்து மூவாயிரத்து எழுநூறு டாலருக்குள். தொழில் ரகத்தில் மூன்றில் ஒரு பங்கு விலை. பார்வைக்கு அதுவும் இதுவும் இரட்டைப் பிள்ளைகள்.

விலை மூன்றில் ஒரு பங்கு என்றால் மீதி இரண்டு பங்கை எங்கே கழித்தார்கள் என்று கேட்பதுதான் காமர்ஸ் படித்தவன் புத்தி. கிழவரும் கூட வந்திருந்தார். சீட்டில் ஏறாமல் நேராகத் தரையில் குனிந்து அடி வயிற்றைப் பார்த்தார்.

முதலில் பிளேடு சுற்றும் இரும்புக் கூடு, 'டெக்' என்கிறார்கள். எவர்சில்வர் பாத்திரக் கடைக்காரரைக் கேட்டால் தெரியும், தகட்டில் கேஜ் நம்பர் ஏற ஏற கனம் குறையும். தொழில் ரகத்தில் 7 கேஜ், அதாவது நாலரை மில்லிமீட்டர் தகட்டை வெட்டி வெல்டிங் செய்திருக்கிறார்கள். பட்ஜெட் ரகத்தில் பெரும்பாலும் 12, 13 கேஜ் தகடு, இரண்டரை மில்லிமீட்டர் சுமார். ஒரே அழுத்தில் அச்சு வார்த்தது. வேரிலும் கல்லிலும் தினமும் மோதுகிற கூலிக்காரருக்கு நாலரை வேண்டும். வாரம் ஒரு தடவை, அதுவும் பழகின தரையில் வெட்டுகிறவருக்கு இரண்டரை போதும். வெட்டி முடித்ததும் அடியில் ஒட்டின ஈரப் புல்லைச் சுரண்டாமல் விட்டால் துரு பிடித்து ஓட்டையாகும், அவ்வளவுதான்.

குதிரைச் சக்தி ஸ்டிக்கரைக் கிழவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அதில் ஒரு பழைய கதை உண்டு. புல் வெட்டும் மெஷின்களில் குதிரைச் சக்தியைக் கூட்டிச் சொல்லி விற்றார்கள் என்று பல கம்பெனிகள் மேல் வழக்குப் போட்டு, அது 2010-ல் சமரசமாக முடிந்தது.

கடைசியாகப் பின் சக்கரங்களுக்கு நடுவே கையை விட்டு ஒரு பெட்டியைத் தட்டினார். "இதுதான் மெஷின். மத்ததெல்லாம் நாற்காலி" என்றார்.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஜீரோ டர்னில் நம் பைக் மாதிரி செயினும் கியரும் கிடையாது. ஒவ்வொரு பின் சக்கரத்துக்கும் தனித்தனியாக ஒரு பம்ப், ஒரு மோட்டார். பம்ப் எண்ணெயை அழுத்தித் தள்ள, அந்த அழுத்தத்தில் சக்கரம் சுற்றுகிறது. மாட்டு வண்டி வித்தையெல்லாம் இந்த எண்ணெயால்தான். எண்ணெய் சூடானால் நீர்த்துப் போகும், அழுத்தம் குறையும், உள்ளே தேய ஆரம்பிக்கும். தொழில் ரகத்தில் பெரிய பெட்டி, ஃபில்டர் உண்டு, எண்ணெய் மாற்றலாம். பட்ஜெட் ரகத்தில் வரும் சின்னப் பெட்டியைப் பெரும்பாலும் சீல் வைத்தே அனுப்புகிறார்கள். எண்ணெய் மாற்ற வழியே வைப்பதில்லை. தட்டைத் தரையில் வாரம் முக்கால் மணி நேரம் ஓட்டினால் வருஷக்கணக்கில் உழைக்கும். மேட்டில் ஏற்றினால், பின்னால் டிரெய்லர் மாட்டி மண் இழுத்தால், மச்சான் வீட்டுக்கும் மாமனார் வீட்டுக்கும் வெட்டிக் கொடுத்தால், சீக்கிரம் களைத்துவிடும். அப்புறம் ரிப்பேர் கிடையாது, பெட்டியையே மாற்ற வேண்டும். ஒரு பக்கத்துக்கே பல நூறு டாலர்.

வேடிக்கை என்னவென்றால், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று சண்டை போட்டுக்கொள்ளும் கம்பெனிகளில் பலவற்றின் அடியில் இருப்பது ஒரே கம்பெனிப் பெட்டி. இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஸல்லிவன் என்ற சின்ன ஊரில் இருக்கும் ஹைட்ரோ-கியர் செய்வது. அதனால் 'எந்தக் கலர் நல்ல கலர்?' என்று கேட்பதில் அர்த்தமில்லை. 'இந்த விலைக்கு எந்தப் பெட்டி வைத்திருக்கிறாய்?' என்று கேட்க வேண்டும். கடைப் பையனுக்கு அது தெரியவில்லை. காபி டம்ளர் குழி எத்தனை என்று தெரிந்திருந்தது.

கூடவே கேரண்டி அட்டையையும் படித்தேன். வீட்டு உபயோகத்துக்கு இரண்டு, மூன்று வருஷம். காசு வாங்கிக்கொண்டு ஒருவருக்கு வெட்டிக் கொடுத்தாலும் அந்தக் கேரண்டி கோவிந்தா. 'சனிக்கிழமை நாலு வீடு வெட்டி மெஷின் காசை எடுத்துவிடலாம்' என்று அண்ணன் மனசுக்குள் போட்டிருந்த திட்டம் அதோடு சரி.

*

மறுநாள் அண்ணன் என்னை ஹெஸ்டன் என்ற ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார். "மெஷின் பிறந்த ஊரைப் பார்த்துட்டு முடிவு பண்ணுவோம்" என்றார். பெண் பார்க்கும் முன் குலம் கோத்திரம் விசாரிக்கிற மாதிரி!

விச்சிட்டாவிலிருந்து வடக்கே முக்கால் மணி நேரம். இரண்டு பக்கமும் கோதுமை. மே மாசக் கடைசியில் பச்சை போய் மஞ்சள் ஏறுகிற சமயம், ஜூனில் அறுப்பு. 1874-ல் ருஷ்யாவிலிருந்து மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் குடும்பம் குடும்பமாக இங்கே குடியேறினார்கள். இலையுதிர் காலத்தில் விதைத்துக் கோடையில் அறுக்கும் சிவப்புக் கோதுமை அவர்கள் கொண்டு வந்த சீதனம். அவர்கள் பாணியில் 'வெரெனிகே' என்று ஒன்று சாப்பிட்டோம். மாவுக்குள் பாலாடைக்கட்டி வைத்து வேக வைத்தது. நம் கொழுக்கட்டைக்கு ருஷ்யாவில் ஒரு அத்தை மகள் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஹெஸ்டனில் மொத்த ஜனத்தொகை மூவாயிரத்து ஐந்நூறு சுமார். நம் அடுக்குமாடிக் குடியிருப்பு இரண்டைச் சேர்த்தால் ஊர் முடிந்தது. ஆனால் உலகத்துக்கே பண்ணை மெஷின் செய்து அனுப்புகிறது. 1990 மார்ச் 13-ம் தேதி உச்ச பட்ச ரகச் சூறாவளி ஒன்று ஊரை நேராகக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறது. திரும்பக் கட்டிக்கொண்டு அதே வேலையைப் பார்க்கிறார்கள். இந்தப் பக்கத்தில் வைக்கோலுக்கு அறுத்து வரிசை போடும் பெரிய மெஷின்களுக்கும் அதே மாட்டு வண்டி வித்தைதான். இரண்டு பக்கச் சக்கரமும் தனித்தனி வேகத்தில் போகும். ஜான் ரிகியர் என்பவர் இரண்டு கைப்பிடி வைத்த 'ஹஸ்ட்லர்' புல் வெட்டும் மெஷினைக் கொண்டு வந்தது 1964-ல். ஹஸ்ட்லர் இன்றைக்கும் ஹெஸ்டன் சரக்கு. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வடக்கே மவுண்ட்ரிட்ஜ் என்ற அடுத்த ஊரில் 'கிராஸ்ஹாப்பர்' ஜீரோ டர்ன் செய்கிறார்கள். பக்கத்து மிசௌரி மாநிலத்துக்காரர்கள் மட்டும் ஒப்புக்கொள்வதில்லை. 'எங்க ஊர் மாக்ஸ் ஸ்விஷர் 1949-லயே பண்ணிட்டாரே' என்கிறார்கள். திருநெல்வேலியா, சாத்தூரா என்று அல்வாவுக்கும் சேவுக்கும் நாம் சண்டை போடவில்லையா?

தொழிற்சாலையை ரோட்டிலிருந்துதான் பார்த்தோம். பெரிய தகரக் கொட்டகைகள். ஆனால் அந்த வயல்களுக்கு நடுவே நின்று பார்த்ததில் எனக்கு ஒன்று புரிந்தது. இது மணிக்கூலிக்காரர்களுக்காகப் பிறந்த மெஷின். நாளைக்குப் பத்து வீடு, பள்ளிக்கூட மைதானம், கல்லறைத் தோட்டம் என்று ஓடுகிறவருக்கு ஒவ்வொரு திருப்பத்திலும் மிச்சமாகும் பத்து விநாடி காசு. அதைத்தான் பின்னால் எலும்பை இளைக்க வைத்து, உடையை மாற்றாமல், சனிக்கிழமைக்காரர்களுக்கு விற்கிறார்கள். எலும்பு இளைத்தது குற்றமில்லை. சனிக்கிழமைக்காரருக்கு அவ்வளவு திருப்பம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

*

வீட்டுக்கு வந்து மளிகை பில்லின் பின்பக்கத்தில் கணக்கு எழுதினேன். உங்களுக்காகவும் ஒரு தடவை.

ஆள் வைத்து வெட்டினால் 60 டாலர், 28 தடவை. வருஷத்துக்கு 1,680.

பட்ஜெட் ஜீரோ டர்ன் 3,300. ஏழரை சதவிகிதம் விற்பனை வரி சேர்த்து 3,547. நம் காசில் மூன்று லட்சத்துக்கு மேல். பெட்ரோல், ஆயில், பிளேடு, பெல்ட் என்று வருஷத்துக்கு 250 வைத்தேன். ஐந்து வருஷம் கழித்துப் பேராசைப்படாமல் ஆயிரத்துக்கு விற்பதாக வைத்தேன். ஆக, வருஷச் செலவு 760 டாலர். ஆள் கூலியோடு ஒப்பிட்டால் மிச்சம் 920. அண்ணன் வருஷத்தில் உழைக்க வேண்டியது, மெஷினைச் சுத்தம் செய்வது உள்பட 23 மணி நேரம். மணிக்கு 40 டாலர் கிடைக்கிறது. மோசமில்லை.

ஆனால் அதை மட்டும் காட்டினால் அது விற்கிறவன் கணக்கு. ஸ்டியரிங் வைத்த டிராக்டர் ரகம் ஒன்று 2,200-க்கு நிற்கிறதே! அதே 42 அங்குலம், அதே எஞ்சின். அதே மாதிரி கணக்குப் போட்டால் வருஷத்துக்கு 583 டாலர். ஜீரோ டர்னுக்காக அண்ணன் வருஷம் 177 டாலர் கூடக் கொடுக்கிறார். கொடுத்து வாங்குவது தடவைக்குக் கால் மணி, வருஷத்துக்கு ஏழு மணி நேரம். அதாவது ஒரு மணி நேரத்தை 25 டாலர் கொடுத்து வாங்குகிறார். அண்ணன் கொல்லையில் 14 மரம். டிராக்டர் ஒவ்வொரு மரத்தையும் சுற்றி மீசை மாதிரி புல்லை விட்டுவிட்டுப் போகும், அதைக் கையில் பிடிக்கும் மெஷினால் குனிந்து வழிக்க வேண்டும். குனியக் கூடாது என்பதுதானே டாக்டர் சொன்னது? அதனால் அண்ணனுக்கு அந்த 25 டாலர் தகும். மரமே இல்லாத மைதானமாக இருந்தால் டிராக்டரோடு நிறுத்திக்கொள் என்றிருப்பேன்.

பேட்டரியில் ஓடும் ஜீரோ டர்னும் வருகிறது. சத்தமில்லை, புகையில்லை, விலை ஆயிரம் இரண்டாயிரம் கூட. இந்தக் கணக்குக்கு அது வெளியே. தொழில் ரகத்தைப் பழசாக வாங்கலாம் என்பார்கள். ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் ஓடினது நாலாயிரத்துக்குக் கிடைக்கிறது. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவருக்கு அது பட்ஜெட் ரகத்தை விட நல்ல பேரம். அண்ணன் விமானத்துக்கு இறக்கை வரைகிறவர். ஆனால் வீட்டில் பல்பு மாற்றுவது அண்ணி.

அண்ணனின் ஆபீஸ் நண்பர் ஒருவரும் வந்து கணக்கைக் கேட்டுக்கொண்டிருந்தார். நகரத்துக்குள் வீடு, மொத்தப் புல் ஐயாயிரம் சதுர அடி. "எனக்கு?" என்றார். நானூறு டாலர் தள்ளு மெஷினே கால் மணியில் வெட்டிவிடும் என்றேன். ஜீரோ டர்னைக் கார் ஷெட்டிலிருந்து வெளியே எடுக்கவே அந்த நேரம் ஆகும். அவர் முகம் வாடிவிட்டது. 48 மாசம் வட்டியில்லாத் தவணை என்று கடையில் ஆசை காட்டியிருக்கிறார்கள். நம் பையன்கள் இரண்டு கிலோமீட்டர் தூரத்து ஆபீஸுக்கு 350 சி.சி. பைக் வாங்குகிற அதே வியாதி. அரை ஏக்கருக்குக் கீழே இந்த மெஷின் வெறும் அலங்காரம்.

எல்லாம் சரி என்று நான் பில்லை மடித்த நேரத்தில் கிழவர் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி கேட்டார். "குளத்துப் பக்கம் என்ன செய்யப் போறே?"

அண்ணன் வீட்டுக் கொல்லை முடிவில் ஒரு சின்னக் குளம். அதை நோக்கி தரை சரிகிறது. பார்க்க அழகுதான். ஜீரோ டர்னுக்கு அதுதான் எமன். முன் சக்கரம் இரண்டும் பிடிமானம் இல்லாமல் சும்மா சுற்றுகிறவை, பிரேக்கும் திருப்பமும் எல்லாம் பின் சக்கரத்தில். சரிவில் ஈரப் புல்லில் பின் சக்கரம் வழுக்கினால் கைப்பிடியை எப்படித் திருப்பினாலும் மெஷின் கேட்காது, பள்ளத்தைப் பார்க்கப் போய்விடும். மெஷினோடு குளத்தில் கவிழ்ந்து இறந்தவர்கள் அந்த நாட்டில் உண்டு. தொழில் ரகத்தில் தலைக்கு மேலே இரும்பு வளைவு வைத்திருக்கிறார்கள், கவிழ்ந்தாலும் நசுக்காமல் இருக்க. பட்ஜெட் ரகத்தில் பெரும்பாலும் அது கிடையாது. கழித்த கணக்கில் அதுவும் சேர்த்தி! 15 டிகிரி சரிவுக்கு மேல் ஓட்டாதே என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது.

15 டிகிரி என்பது கண்ணுக்கு எப்படித் தெரியும்? நாலடிப் பலகை ஒன்றை எடுத்தோம். ஒரு முனையைச் சரிவின் மேல் பக்கத்தில் வைத்து, ரசமட்டம் பார்த்து நேராகப் பிடித்து, மறு முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்தோம். 13 அங்குலத்துக்குள் இருந்தால் 15 டிகிரிக்குள். எங்களுக்கு 15 அங்குலம் வந்தது. பதினேழு டிகிரிக்கு மேல். அண்ணன் பேசவில்லை. ஆறு வயசு மகளை மடியில் வைத்துக்கொண்டு கொல்லை முழுக்கச் சுற்றலாம் என்று அவளிடம் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார்.

அதற்கும் கிழவர் சம்மதிக்கவில்லை. அவர் வெட்டும்போது எந்தக் குழந்தை கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாலும் உடனே எஞ்சினை நிறுத்திவிடுவார், நானே பார்த்தேன். இந்த மெஷின்களில் பிளேடு நுனி நிமிஷத்துக்கு 19,000 அடி வேகத்தைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கத் தரவிதி. சும்மா ஒரு விதி என்று நினைத்துக் கணக்குப் போட்டால், மணிக்கு 340 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது! 160-ல் ஓடும் வந்தே பாரத் மாதிரி இரண்டு மடங்கு. அந்த வேகத்தில் ஒரு கூழாங்கல் பட்டுத் தெறித்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பதினாறு வயசுக்குக் கீழே யாரும் உட்கார்ந்து ஓட்டும் மெஷினைத் தொடக் கூடாது என்று அங்கே குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது. மடியில் வைத்து ஓட்டுவதை எந்தக் கம்பெனிப் புத்தகமும் ஒப்புக்கொள்வதில்லை. குழந்தை இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை.

குளத்தோரம் முப்பது அடிப் பட்டையை என்ன செய்வது? யோசனை அண்ணியுடையது. கான்ஸாஸுக்கு இந்தக் குட்டைப் புல் வருவதற்கு முன்னால் ஆள் உயரப் புல்தான் இருந்தது. 'பிக் ப்ளூஸ்டெம்' என்று பெயர். ஆறடி வளரும், வேர் அதைவிட ஆழம் போகும், சரிவு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். விச்சிட்டாவுக்குக் கிழக்கே ஃப்ளிண்ட் குன்றுகளில் இன்னும் மைல் கணக்கில் அது இருக்கிறது. "அதை விதைச்சு விட்டுட்டா வெட்டவே வேண்டாமே" என்றார். கிழவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "அதைத்தான் எங்க தாத்தா உழுது அழிச்சார்" என்று சொல்லிவிட்டு, விதை எங்கே கிடைக்கும் என்று எழுதிக் கொடுத்தார்.

நான் ஊருக்கு வந்த பிறகு, அக்டோபரில் சீசன் முடிகிற சமயம் பார்த்து அண்ணன் மெஷின் வாங்கிவிட்டார். முந்நூறு டாலர் தள்ளுபடி. டெக்கும் சீட்டும் சுமார்தான், ஆனால் அந்த விலையில் கொஞ்சம் பெரிய பெட்டி வைத்த ரகமாகப் பார்த்து எடுத்திருக்கிறார். கடையில் கேட்டுத் தெரியாமல் கம்பெனிக்கே போன் போட்டுக் கேட்டாராம். குளத்துப் பக்கம் முப்பது அடிக்கு முன்னால் வரிசையாக வெள்ளைக் கல் நட்டிருக்கிறார், மெஷின் அதைத் தாண்டுவதில்லை. பெரியம்மாவிடம் வீடியோ காலில் மெஷினைக் காட்டினாராம். விலையைச் சொல்லவில்லை. பெரியம்மா இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை என்ற தைரியத்தில்தான் நானும் எழுதியிருக்கிறேன்.